ஒன்பது மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு

பேருந்து நின்றபோது விடிகாலை ஐந்து மணி இருக்கும். சீட்டை விட்டு எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்வாசல் வரைக்கும் நன்றாகத்தான் நடந்து வந்தேன். முதல் படியில் கால் வைத்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியைப் பிடிக்க நீட்டிய கைக்குக் கம்பி எட்டவில்லை. கீழே நின்றிருந்த நடத்துநர் தம்பி இரண்டு தோளையும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "அம்மா, அப்படியே உட்காருங்க" என்று படியிலேயே உட்கார வைத்தார். எனக்குப் பின்னால் என் கணவர் இன்னும் சீட்டில்தான் இருந்தார். கணுக்கால் இரண்டும் வீங்கி, கழற்றி வைத்த ஷூவுக்குள் கால் நுழையவில்லை.

அப்போது எனக்கு 65 வயது, அவருக்கு 70. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் ஆசையாகத் திட்டம் போட்ட முதல் பெரிய பயணம் அது. ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். வழியில் கழிப்பறைக்குப் போகும்படி ஆகிவிடக் கூடாதே என்று மதியத்திலிருந்து நான் தண்ணீரே குடிக்கவில்லை. அவர் தினமும் போடுகிற நீர் பிரியும் மாத்திரையை அன்றைக்குப் போடாமல் விட்டார். ஊர் போய்ச் சேர்ந்ததும் நிறைய நடக்க வேண்டியிருக்கும், அதுவரை தெம்பைச் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்று ஒன்பது மணி நேரமும் இருவரும் இடத்தை விட்டு அசையவில்லை. அந்த மூன்றுமே தப்பு.

அன்று காலையிலேயே ஒரு மருத்துவரைப் பார்த்தோம். இளம் பெண். அவசரப்படாமல் விளக்கினார். நாம் எழுந்து நிற்கும்போது உடம்பிலுள்ள ரத்தத்தில் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை காலுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இறங்கிவிடுமாம். இள வயதில் ரத்தக் குழாய்கள் சட்டென்று இறுகி அதை ஈடுகட்டிவிடும். வயதாக ஆக அந்த வேகம் குறைகிறது. தண்ணீரும் குறைந்து, பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால் தலைக்குப் போகிற ரத்தம் சற்று நேரம் குறைந்து போகிறது. படுத்திருக்கும்போது ஒரு முறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் இன்னொரு முறையும் எனக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். மேல் அளவு 20 புள்ளி இறங்கினாலே கவனிக்க வேண்டும் என்றார். எனக்கு அதைவிடக் கூடுதலாகவே இறங்கியிருந்தது.

என் கணவரின் காலைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "இரண்டு காலும் ஒரே மாதிரி வீங்கியிருக்கா ஐயா?" என்பது. அந்தக் கேள்வியை இன்றைக்கும் மறக்கவில்லை. காலைத் தொங்கவிட்டு நெடுநேரம் உட்கார்ந்தால் இரண்டு கணுக்காலும் வீங்குவது உண்டு. காலை உயர்த்தி வைத்துப் படுத்து எழுந்தால் பெரும்பாலும் வடிந்துவிடும். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்து, தொட்டால் சூடாகவோ சிவந்தோ இருந்தால் விஷயமே வேறு. ஆழத்திலுள்ள நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் திடீரென்று மூச்சு வாங்கும், நெஞ்சு வலிக்கும். அப்போது யோசித்துக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போய்விட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் இதைப் பற்றி நடத்திய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ உட்கார்ந்தே பயணம் செய்தால், இப்படி ரத்தம் உறைகிற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று அதில் கண்டார்கள். விமானம் மட்டுமில்லை, பேருந்து, ரயில், கார் எல்லாமே அதில் அடக்கம். பயந்து போய் வீட்டோடு இருந்துவிட வேண்டாம். ஆரோக்கியமாக இருப்பவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆகிறது. முன்பே ரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உடல் எடை மிக அதிகமானவர்கள் கிளம்புவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்கிறார்கள். அந்தத் தசை சுருங்கும்போதெல்லாம் காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நாம் அசையாமல் இருந்தால் அந்த வேலை நின்றுபோகிறது. இது புரிந்த பிறகு நாங்கள் பயணம் செய்கிற விதமே மாறிவிட்டது. வயதான உடம்புக்கு ஓய்வும் வேண்டும், அசைவும் வேண்டும். இரண்டையும் மொத்தமாகக் கொடுத்தால் தாங்காது. தவணை தவணையாகக் கொடுத்தால் தாங்குகிறது. இந்த நான்கு வருடத்தில் நாங்கள் கண்டது இதுதான்.

இப்போது எங்கே போனாலும் நடைபாதை ஓரத்து சீட்தான் கேட்டு வாங்குகிறோம். ஜன்னலோரம் அழகுதான், ஆனால் ஒவ்வொரு முறை எழுந்திருக்கும்போதும் இரண்டு பேரைத் தாண்ட வேண்டும் என்றால் எழுந்திருக்கவே மனம் வராது. ஃபோனில் அரை மணிக்கு ஒரு முறை அதிர்கிற மாதிரி வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார் அவர். அது அதிர்ந்ததும் இருவரும் குதிகாலைத் தரையில் ஊன்றி விரல்களை மேலே தூக்குவோம். பிறகு விரலை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவோம். இருபது முறை. அப்புறம் ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சை நோக்கிச் சற்றே உயர்த்தி இறக்குவோம். இரண்டு மணிக்கு ஒரு முறையாவது எழுந்து நாலடி நடப்போம். ஓடுகிற பேருந்தில் எழுந்து நடப்பது ஆபத்து. அது எங்காவது நிற்கும்போது தேவை இருக்கோ இல்லையோ கட்டாயம் இறங்கிவிடுவோம். முதலில் அவருக்குக் கூச்சம். "பக்கத்துல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்பார். "அவங்க கால் அவங்களோட வருது, உங்க கால் உங்களோட வருதுங்க" என்று நான் சொன்ன பிறகு கூச்சம் போய்விட்டது.

உட்காரும் விதத்திலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. நான் குள்ளம். பெரும்பாலான சீட்டில் என் பாதம் தரையை முழுசாகத் தொடாது. அப்போது சீட்டின் முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி, கால் மரத்துப் போகிறது. பல வருடம் இது ஏனென்றே எனக்குத் தெரியவில்லை. இப்போது துணி மட்டும் வைத்த தட்டையான சின்னப் பை ஒன்றைப் பாதத்துக்கு அடியில் போட்டுக்கொள்கிறேன். தொடை சீட்டின் விளிம்பிலிருந்து ஒரு விரல்கடை எழும்பினால் போதும். உயரமானவர்களுக்கு இது நேர்மாறு. காலடியில் எதையும் வைக்காமல் இருந்தால்தான் அவர்கள் காலை நீட்டி மடக்க முடியும். இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் உள்ள குழிவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால், இறங்கும்போது முதுகு விறைத்துக்கொண்டு நிற்காது.

காலுறை பற்றிப் பலர் என்னிடம் கேட்கிறார்கள். முழங்காலுக்குக் கீழ் வரை வருகிற, கணுக்காலில் அழுத்தம் கூடுதலாக இருக்கிற காலுறை வீக்கத்தை நன்றாகவே குறைக்கிறது. காலை அளந்து வாங்க வேண்டும். மேலே சுருண்டு ஒரே இடத்தில் இறுக்கினால் நன்மைக்குப் பதில் தீமைதான். காலுக்கு ரத்தம் கொண்டு போகிற தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் போடவே கூடாது. பயணத்துக்காக என்று ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்களாக அப்படிச் செய்யாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் அதிகம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். வயதானால் உடம்பில் நீர் குறைந்தாலும் தாகம் தெரிவதில்லை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் தலை சுற்றிவிடும். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான். உதடு காய்ந்து, கண் உறுத்துவது அதனால்தான். ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடித்தால் உடனே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும். கால் மணிக்கு இரண்டு வாய் என்று குடித்துக்கொண்டே வந்தால் அந்தத் தொல்லை ரொம்பக் குறைகிறது. இதயம், சிறுநீரகம் சம்பந்தமாகத் தண்ணீருக்கு அளவு வைக்கப்பட்டவர்கள் அந்த அளவைத் தாண்ட வேண்டாம். நீர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று அந்த மருத்துவர் என் கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னார். "நேரத்தை மாத்திப் போடலாமான்னு கேளுங்க ஐயா, நீங்களா விட்டுடாதீங்க" என்றார். இப்போது பயண நாளில் எந்த நேரத்துக்குப் போடுவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம்.

எழுந்திருப்பதற்கும் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. வண்டி நின்றதும் நான் எழுவதில்லை. முதலில் சீட்டின் நுனிக்கு வந்து, கணுக்காலைப் பத்து முறை அசைத்து, கையை மூடித் திறந்து, பிறகு எழுந்து, சீட்டைப் பிடித்தபடி இருபது எண்ணுவேன். மற்றவர்கள் எல்லாம் இறங்கட்டும். நாம் இரண்டு நிமிடம் கழித்து இறங்குவதால் ஒன்றும் குறைந்துவிடாது.

விமான நிலைய வீல்சேர் விஷயத்தில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. மகள் வீட்டுக்கு முதல் முறை போனபோது நான் கேட்டுப் பார்த்தேன். "நடக்க முடிகிறவனுக்கு எதுக்கு நாற்காலி?" என்று மறுத்துவிட்டார். பெரிய விமான நிலையம். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து, வரிசையில் நின்று, மறுபடியும் நடந்து, மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த இரண்டு நாளும் மூட்டுக்கு ஒத்தடம் கொடுத்தபடி படுக்கையிலேயே கிடந்தார். பேரன் கையைப் பிடித்து இழுத்தும் பூங்காவுக்குப் போக முடியவில்லை. அது அவரை ரொம்பப் பாதித்துவிட்டது. அடுத்த முறை அவரே கேட்டார்.

வீல்சேரில் மூன்று வகை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டிக்கெட்டில் டபிள்யூ-சி-ஹெச் என்று போட்டு அதன் பின்னால் ஓர் எழுத்து வரும். ஆர் என்றால் படி ஏறுவார், விமானத்துக்குள் நடப்பார், நெடுந்தூரம்தான் முடியாது. எஸ் என்றால் படி ஏற முடியாது, உள்ளே நடப்பார். சி என்றால் சீட் வரைக்கும் கொண்டு போய் உட்கார வைக்க வேண்டும். சரியான எழுத்தைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான உதவி வரும். பதிவு செய்யும்போதே சொல்லிவிடுவது உத்தமம். குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்பாவது சொல்லிவிட வேண்டும். என் கணவர் ஆர் வகை. விமான நிலையத்தில் மிச்சம் பிடித்த நடையை மறுநாள் பேரனோடு பூங்காவில் நடந்தார்.

எல்லாவற்றுக்கும் மேல், கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே உடம்பைத் தயார்படுத்த வேண்டும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சியும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் ஆன பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொல்லியிருக்கிறது. நாங்கள் வீட்டில் செய்வது எளிமையானது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவோம். சுவரைத் தொட்டபடி குதிகாலைத் தூக்கி நிற்போம். சுவருக்கு அருகிலேயே ஒற்றைக் காலில் பத்து எண்ணுவோம். கடைசி இரண்டு வாரம் பயணத்துக்குக் கொண்டு போகிற அதே ஷூவை மாட்டிக்கொண்டு, அதே பையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் நடைப்பயிற்சி. ஷூ எங்கே கடிக்கும், பை எந்தத் தோளை இழுக்கும் என்பதெல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். புது ஷூவோடு பயணம் கிளம்பவே கூடாது. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கைத்தடி வைத்திருப்பவர்களில் பலர் வலிக்கிற காலின் பக்கமே அதைப் பிடிக்கிறார்கள். என் கணவரும் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தார். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். ஷூவோடு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்குத் தடியின் பிடி வர வேண்டும். அடியில் இருக்கிற ரப்பர் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். ஈரத் தரையில் அந்த ரப்பர்தான் காப்பாற்றும்.

படிக்கட்டு வந்தால் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற காலும் தடியும் முதலில். ஒரு பழைய கோட்டையில் இதைச் சொல்லிச் சொல்லியே நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை அவர் ஏறி இறங்கினார். ஆனால் கடைசிப் படியில் இரண்டு முறை தடுமாறினார். கால் வலி காரணமில்லை. தூரத்துக்கும் படிப்பதற்கும் சேர்த்து ஒரே கண்ணாடி போட்டிருந்தார். குனிந்து படியைப் பார்க்கும்போது கண்ணாடியின் கீழ்ப் பாதி, அதாவது படிப்பதற்கான பகுதி, குறுக்கே வந்தது. படியின் விளிம்பு மங்கி, கடைசிப் படியும் தரையும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. கண் மருத்துவரிடம் சொன்னதும் வெளியே நடப்பதற்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி தனியாக எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தத் தடுமாற்றம் இல்லை.

ஊர் சுற்றும்போது ஒரு நாளைக்கு முக்கியமான இடம் ஒன்றுதான், அதுவும் காலையில். போய்ச் சேர்ந்த முதல் நாள் எதுவுமே கிடையாது. இருபது நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் உட்காருவது என்று நாங்களே ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். களைப்பாக இருக்கிறதோ இல்லையோ, இருபது நிமிடம் ஆனதும் உட்கார்ந்துவிடுவோம். களைத்த பிறகு உட்கார்ந்தால் மூட்டு இறுகிப் போய் எழுந்திருக்கவே அரும்பாடு படுகிறோம். களைக்கும் முன்பே உட்கார்ந்தால் லேசாக எழுந்துவிடுகிறோம். குழுவாகக் கூட்டிப் போகிற பயணத்தில் இந்தக் கணக்கு நடக்காது. அதனால் நாங்கள் குழுவோடு போவதை விட்டுவிட்டோம். சிலருக்குக் கூட்டத்தோடு போவதுதான் தெம்பு. அவர்கள் தினப்படி எவ்வளவு நடை, எத்தனை படி என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளட்டும்.

தங்கும் இடத்தைப் பற்றியும் அப்படித்தான் துருவிக் கேட்பேன். ஓரிடத்தில் லிஃப்ட் இருக்கிறது என்றார்கள். இருந்தது, ஆனால் அதை அடைய எட்டுப் படி ஏற வேண்டியிருந்தது. இப்போது வாசலிலிருந்து அறை வரைக்கும் மொத்தம் எத்தனை படி என்றே கேட்கிறேன். குளியலறையில் சுவரோடு பதித்த கைப்பிடி உண்டா, காலைத் தூக்கி உள்ளே இறங்குகிற தொட்டியா, மேற்கத்திய கழிப்பறையா என்றும் கேட்பேன். துண்டு போடுகிற கம்பியையும் கைகழுவுகிற தொட்டியையும் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கூடாது. அவை நம் எடையைத் தாங்குவதற்காகப் பொருத்தப்பட்டவை இல்லை.

அறைக்குள் போனதும், வெளிச்சம் இருக்கும்போதே, கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒரு முறை நடந்து பார்த்து அடிகளை எண்ணிக்கொள்கிறேன். ஏழடி, பிறகு வலப்பக்கம் திரும்பல் என்பது போல. நடுவில் இருக்கிற பெட்டியை, நாற்காலியை ஓரமாக நகர்த்துவேன். வீட்டு ஞாபகத்தில் அரைத் தூக்கத்தில் எழுந்து, வீட்டில் கதவு இருக்கிற பக்கமாக நடந்து சுவரில் மோதிக்கொண்டவள் நான். கொஞ்சம் தவறியிருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும். தலையணைக்கு அடியில் சின்ன டார்ச், கட்டிலுக்குக் கீழே வழுக்காத செருப்பு, குளியலறை விளக்கு எரிந்தபடி, கதவு கொஞ்சம் திறந்தபடி. எழுந்ததும் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் காலடி.

மருந்தெல்லாம் கைப்பையில்தான், திரும்பும் நாளுக்கு மேலும் ஒரு வாரத்துக்குச் சேர்த்து. இன்சுலினைச் சரக்கோடு போகிற பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பொதுப் பெயரையும் எழுதி வாங்குங்கள். வேறு நாட்டில் கம்பெனிப் பெயர் யாருக்கும் புரியாது. பவர் பேங்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். நேரம் மாறுகிற நாட்டுக்குப் போனால், ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் உடம்பு பழக எடுத்துக்கொள்கிறது. மேற்கே போவதைவிடக் கிழக்கே போவது கடினம். பகல் வெளிச்சத்தில் நடந்தால் சீக்கிரம் பழகுகிறது. விமானத்தில் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், அசையாமல் கிடந்துவிடுவோம்.

திரும்பி வந்ததும் பயணம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடுவது வழக்கம். ஆனால் ரத்தம் உறைகிற அந்த அபாயம் பயணம் முடிந்து நான்கு வாரம் வரை கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்று, முன்பு சொன்ன உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதம் நான் தினமும் காலையில் அவர் காலைப் பார்ப்பேன். இரண்டு கெண்டைக்காலையும் கையால் தொட்டு, ஒன்றுபோல இருக்கிறதா, சூடு வித்தியாசம் உண்டா என்று பார்ப்பேன். "போன வாரம்தான் வந்தோம், இன்னும் பார்க்கிறியா?" என்பார். "நீட்டுங்க" என்பேன். நீட்டுவார். பிறகு என் முறை. என் காலை அவர் பார்ப்பார்.